பெரிய எழுத்தில் ஒரு வரி

எங்கள் ஊரில் ஒருவர் இறந்துபோனால் அவருடைய சட்டப்படியான பெயரால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. இருபத்தாறு வருடமாக இரங்கல் போஸ்டர் அடித்துப் பிழைக்கிறவன் சொல்கிறேன். மக்தலேனா ஆற்றின் படகுத்துறைக்கு எதிரே இருக்கிறது என் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, குலுக்கல் சீட்டு, தேர்தல் நோட்டீஸ் எல்லாம் அடிப்பேன். ஆனால் கல்யாணம் நின்றுபோகும், தேர்தல் தள்ளிப்போகும். சாவு ஒன்றுதான் சொன்ன வேலையைத் திரும்பப் பெறாத வாடிக்கை.

போஸ்டரின் நடுவில் கை அகல எழுத்தில் ஒரு வரி வரும். அந்த வரியில் பேரப்பிள்ளை வைத்த பெயர்தான் போக வேண்டும். முதல் பேரக்குழந்தை பேச்சு வருகிற வயதில் தாத்தாவையோ பாட்டியையோ எந்தச் சத்தத்தால் கூப்பிடுகிறதோ, அன்றிலிருந்து அதுதான் பெயர். அடுத்தடுத்த பேரப்பிள்ளைகள், பெற்ற மகன், கட்டிய மனைவி, பாதிரியார், வங்கிக் குமாஸ்தா எல்லோருக்கும் அதே பெயர்தான். மேல்முறையீடு கிடையாது. எங்கள் முன்னாள் மேயர், ஆற்றங்கரையில் தன் செலவில் தனக்கே வைத்துக்கொண்ட மார்பளவுச் சிலையைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது, மருமகள் இடுப்பில் இருந்த குழந்தை கையை நீட்டி “சூச்சூ!” என்றது. வாத்தியக்காரர்கள் உட்படக் கூட்டம் முழுவதும் கேட்டது. சிலையின் பீடத்தில் பன்னிரண்டு பட்டங்களோடு அவர் பெயர் பித்தளையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் வழி கேட்கிறவர்களிடம், “சூச்சூ தாண்டி வலது கைப் பக்கம் திரும்புங்க” என்றுதான் இன்றைக்கும் சொல்கிறோம்.

பெரிய வரி இல்லாமல் ஒரே ஒரு தடவை போஸ்டர் அடித்திருக்கிறேன். இறந்தவரின் மகள், பாரன்கியா நகரத்தில் படித்தவள், வந்து, “நாகரிகமா இருக்கணும். குமெர்சிந்தோ ரஃபாயேல் ஒலிவாரெஸ் தாப்பியா. அவ்வளவுதான்” என்றாள். அவ்வளவுதான் அடித்தேன். எல்லாக் கம்பத்திலும் ஒட்டினேன். ஊர் நின்று படித்தது, பாவம் யாரோ வெளியூர்க்காரர் என்று போய்விட்டது. கல்லறைக்கு வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் சாவு மாறி வந்தவர். ஐந்தாம் நாள் டோமினோ மேஜையில், “பாப்பாபூ எங்கேய்யா ஆளையே காணோம்?” என்று யாரோ கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒருத்தரிடமும் சொல்லாமல் செத்துப்போனார் என்று ஊரே அந்த மனிதர்மேல் கோபித்துக்கொண்டது. பாப்பாபூ என்று பெரிதாகப் போட்டு இரண்டாவது போஸ்டர் அடித்த பிறகுதான் அழ ஆரம்பித்தார்கள்.

இந்தக் கதை முழுக்கத் தெரிந்தவர்தான் போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை என் கடைப் படி ஏறினார். டாக்டர் ஹெலியோதோரோ கஸ்தேயார் வெர்காரா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை; எங்கள் ஊரில் சட்டம் படித்தவர்களையும் டாக்டர் என்றுதான் சொல்வோம். முப்பத்தெட்டு வருடம் ஊரின் பத்திர அதிகாரியாக இருந்தவர். வயது எண்பத்தொன்று. அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பட்டன். கையில் ஒரு தாள்.

“லிசிமாகோ, ஒரு அச்சு வேலை” என்றார்.

“யாருக்கு டாக்டர்?”

“எனக்குத்தான். தேதி மட்டும் காலியா விடு.”

அவரே சொன்னார்: “போன வாரம் பெரிய ஆஸ்பத்திரியில பாத்தாங்க. தேதி குறிச்சுக் குடுக்கலை. தயாரா இருங்கன்னாங்க. தயாரா இருக்கேன்.”

தாளை வாங்கினேன். பதினோரு வரி. மாண்புமிகு, சட்டவியல் அறிஞர், மாவட்டப் பத்திர அதிகாரிகள் சங்கத்தின் முன்னாள் துணைத் தலைவர், புனித ரோமான் பக்தர் குழாமின் நிரந்தர உறுப்பினர். செத்த பிறகும் நிரந்தரமா என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

“டாக்டர், பெரிய வரி?”

அவர் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தார். ஆற்றில் அப்படி ஒன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்து யாயா உள்ளே வந்தாள். காப்பிக் குடுவைகளை ஒரு மரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்கிறவள். அவளுடைய நிஜப்பெயர் எனக்கும் அவளுடைய அடையாள அட்டைக்கும் மட்டும்தான் தெரியும். என் தோளுக்கு மேலாக எட்டித் தாளைப் படித்தாள். அடுத்தவர் தாளைப் படிப்பது அவள் காப்பியோடு இலவசம்.

“ஐயோ சாமி, எவ்வளவு எழுத்து! இவ்வளவு பேரா ஒரே நாள்ல போயிட்டாங்க?”

“ஒருத்தர்தான் யாயா. இவர்தான்” என்றேன்.

“நிக்கிறாரே.” அவருக்கு ஒரு கோப்பை ஊற்றி நீட்டினாள். “பிடிங்க, ஆறிடும். பெரிய எழுத்துல என்ன போடப் போறீங்க டாக்டர்? துணைத் தலைவர்னா? துணைத் தலைவருக்கு யாரு அழுவா?”

டாக்டர் காப்பியைக் குடிக்கவில்லை. என்னைப் பார்த்து, கட்சிக்காரர் காதில் சொல்வதுபோல் தாழ்ந்த குரலில் சொன்னார்: “நூனோன்னு போடு.”

எனக்கும் யாயாவுக்கும் அந்தப் பெயர் தெரியும். அன்றைக்குக் கேட்ட மற்றவர்கள் எப்போதோ மறந்துவிட்டார்கள். அவருடைய மகனின் மகள் டானெலிஸ்தான் முதல் பேத்தி. ஒன்றே முக்கால் வயதில் பாட்டிக்கு மினா என்று பெயர் வைத்தாள். தாத்தாவுக்கு நூனோ. வைத்த இடம்தான் வினையாகிவிட்டது. பத்திர அலுவலகத்தில் ஒரு பண்ணையார் கையெழுத்துப் போட, பிஷப்பின் காரியதரிசி சாட்சியாக நிற்க, இருபது பேர் வரிசையில் காத்திருந்தபோது, குழந்தை கதவைத் தள்ளிக்கொண்டு “நூனோ!” என்று ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டது. வரிசை சிரித்தது. பிஷப்பின் காரியதரிசியும் சிரித்தார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “இங்கே நூனோ என்று எவரும் இல்லை” என்று அறிவித்தார். பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை குழந்தையை எதிரே நாற்காலியில் உட்காரவைத்து, ‘தாத்தா அவர்களே’ என்று சொல்லப் பழக்கினார். குழந்தை மூன்று ஞாயிறும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நான்காம் ஞாயிறு முதல் அவரை எதுவும் கூப்பிடவில்லை. “குடுத்ததை வாங்கிக்க ஹெலியோ. இன்னொரு தடவை வராது” என்று மினா சொல்லிப் பார்த்தாராம்.

குழந்தைக்கு மூன்று வயதானபோது மகன் குடும்பத்தோடு மருமகளின் ஊரான மெதெயினுக்குப் போய்விட்டான். எட்டு வருடத்துக்கு முன்னால் மினா இறந்தார். ‘மினா’ என்று போஸ்டர் ஒட்டினேன், படகுகள்கூட ஓடவில்லை, அவ்வளவு கூட்டம். எல்லோரும் மினா மினா என்று அழுதுவிட்டு, கடைசியில் அவர் முன்னால் வந்து நின்று, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், “பத்திர அதிகாரி அவர்களே, அனுதாபங்கள்” என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றார். புது அதிகாரி வந்தார், முப்பத்து நான்கு வயது. இப்போது கடைத்தெருவில் யாராவது “பத்திர அதிகாரி!” என்று கூப்பிட்டால் இரண்டு தலை திரும்பும்; கூப்பிட்டது எப்போதும் மற்றவரைத்தான். ஹெலியோ என்று கூப்பிடவும் வீட்டில் ஆள் இல்லை. ஒரு மனிதருக்குப் பதினோரு வரி இருந்து, கூப்பிட ஒரு சொல் இல்லாமல் போவதை நான் என் தொழிலில் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன்.

“டாக்டர், அது புழக்கத்துல இல்லாத பேரு. நான் போட்டா ஊருக்கு ஆள் தெரியாது” என்றேன்.

“உனக்குத் தெரியுதில்ல?”

“எனக்கும் யாயாவுக்கும் தெரிஞ்சா சவப்பெட்டியை நாங்க ரெண்டு பேர்தான் தூக்கணும்.”

“என் இடுப்புக்கு ஆகாது” என்றாள் யாயா. “நமக்கு நாமே வச்சுக்கிற பேரா இது? உங்க ஆபீஸ்ல ஆயிரம் சட்டம் வச்சிருந்தீங்களே, சாட்சி இல்லாம ஒரு கோழி வித்த பத்திரத்துக்காவது முத்திரை குத்தியிருப்பீங்களா?”

அவர் அதை வழக்கின் ஒரு நியாயமான வாதமாக எடுத்துக்கொண்டார்.

“சாட்சி இருக்கா, என் பேத்தி. கூப்பிட்டுக் கேக்கலாம்.”

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். மகன் எழுதிக் கொடுத்த எண். அதற்கு மேல் மகன் கையெழுத்தில் ‘டானெலிஸ்’. காகிதம் பழுப்பேறியிருந்தது, ஆனால் பக்கம் மடங்கவில்லை. அவரிடம் இருந்தது பேச மட்டும் முடிகிற பட்டன் போன். “முகம் பாக்கணும்” என்றார். என் போனில் போட்டேன். பெண்ணுக்கு இப்போது பத்தொன்பது வயது, பல் மருத்துவம் படிக்கிறாள் என்று மணி அடிக்கும்போதே எங்களுக்குத் தெரிவித்தார், நீதிமன்றத்தில் சாட்சியை அறிமுகப்படுத்துவதுபோல்.

திரையில் முதலில் வானம் தெரிந்தது. பிறகு நெற்றி.

“ஹலோ? யாரு?”

“டானெலிஸ். நான்தான்.”

“நான்னா யாரு?” முகம் நேராக வந்தது. ஈரக்கை, தலையில் துண்டு. “ஓ! நீங்களா... என்ன ஆச்சு? உடம்புக்கு எதுவும்...”

“ஒண்ணும் ஆகலை. சும்மாதான் கூப்பிட்டேன்.”

“சும்மாவா?” அவள் நம்பவில்லை. குற்றம் சொல்ல முடியாது. அவர் வாழ்நாளில் சும்மா செய்த முதல் காரியம் அது.

அவளுக்குப் பின்னால் ஒரு வீட்டு முற்றமும் அதில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பழைய பஸ்ஸும் தெரிந்தன. பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்தோ ஒரு ஆண் குரல் கத்தியது: “ஏ பொண்ணு, வாளியை எங்கடி வச்சே?”

அவள் திரும்பிக் கத்தினாள்: “நூனோ! கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? காலுக்குக் கீழ பாரு!”

“என்னம்மா?” என்றார் டாக்டர்.

உடனே சொன்னார். தூக்கத்தில் கூப்பிட்டதுபோல், யோசிக்காமல்.

“உங்களை இல்லை” என்றாள் அவள். “நூனோவை.” பிறகு, பேச்சு நின்றுவிடாமல் இருக்கப் பக்கத்தில் இருப்பவரிடம் போனைத் தள்ளிவிடும் அந்தப் பழைய தந்திரத்தைச் செய்தாள்: “இருங்க, அவரும் இங்கதான் இருக்காரு. நூனோ, வா, வந்து பேசு. அப்பாவோட அப்பா.”

திரை குலுங்கியது. ஒரு கணம் பஸ்ஸின் முன்பக்கம் முழுவதாகத் தெரிந்தது. கண்ணாடிக்கு மேல், சிவப்பில், மஞ்சள் கரை கட்டி, என் அச்சகத்தில் இருக்கிற எந்த எழுத்தையும்விடப் பெரிதாக ‘நூனோ’ என்று எழுதியிருந்தது. பிறகு சட்டையில்லாத ஒரு குண்டு மனிதர் சோப்பு நுரையோடு வந்தார். மருமகளின் அப்பா ஒவீதியோ. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“அட சம்பந்தி! டாக்டரே! எத்தனை வருஷமாச்சு! மன்னிச்சுக்குங்க, சட்டைகூடப் போடலை. நல்லாருக்கீங்களா?”

“இருக்கேன்” என்றார் டாக்டர். “பஸ்... நல்லா இருக்கு.”

“எங்க, இப்ப ஓட்டறதில்லை. பிள்ளைங்க உக்காந்து விளையாடுதுங்க. பேரப்பிள்ளைங்க ஆறு இப்போ. இவதான் தலைச்சன்.”

“அந்தப் பேரு...”

“நூனோவா?” ஒவீதியோ சிரித்தார். “இவ வச்சதுதான். உங்க ஊர்லேர்ந்து வந்தாங்களே, மூணு வயசு, பஸ் ஸ்டாண்டுல தூக்கினேன், என் மூஞ்சியையே பாத்தா, நூனோன்னுட்டா. ஏதோ கையில கொண்டு வந்த சாமானைக் குடுக்கிற மாதிரி. எங்கடி கத்துக்கிட்டேன்னு கேட்டா, ‘அங்க வேண்டாம்னுட்டாங்க’ங்கிறா! யாருக்கு வேண்டாமாம், என்ன வேண்டாமாம், இன்னி வரைக்கும் எங்களுக்குப் புரியலை சம்பந்தி. அந்த வயசுப் பிள்ளைங்க பேச்சு உங்களுக்குத் தெரியாததா!”

யாயா பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

டாக்டர் ஒரு வார்த்தையில் அதைத் திரும்பக் கேட்டிருக்கலாம். ஒவீதியோ நல்ல மனிதர், தலையில் அடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருப்பார். ஆனால் டாக்டர், “பொருத்தமான பேர்தான்” என்றார். “பேத்திகிட்ட குடுங்க.”

அவள் திரும்ப வந்தாள்.

“டானெலிஸ், ஒரு விவரம் வேணும். நீ என்னை என்னன்னு சொல்வே? உன் சிநேகிதிங்ககிட்ட?”

“அப்பாவோட அப்பான்னு.”

“நேர்ல? இங்க லீவுக்கு வந்தப்பல்லாம்?”

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண், அல்லது அந்த வயதில் எல்லோருமே அப்படித்தானோ என்னவோ. “நேர்ல கூப்பிட்டதில்லையே. நீங்க எழுதிக்கிட்டிருப்பீங்க. நிமிந்து பாக்கிற வரைக்கும் மேஜைகிட்ட நிப்பேன்.” அவளுக்கே அது ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும், சிரித்து வைத்தாள். “சில நாள் ரொம்ப நேரம் ஆயிடும். அப்புறம் போயிடுவேன்.”

“எனக்கு ஒரு பேர் தேவைப்படுது” என்றார் டாக்டர். வேறு குரல் அவரிடம் இல்லை. முப்பத்தெட்டு வருடம் ‘தங்கள் முழுப்பெயர்?’ என்று கேட்ட அதே குரல். “ஒரு ஆவணத்துக்கு. நீ வச்சாத்தான் செல்லும்.”

“நானா? இப்பவா?”

“அவசரமில்லை.”

“யோசிச்சுச் சொல்றேன். இந்த நம்பருக்குத்தானே?”

“ஆமா. இந்த நம்பருக்கு. அச்சகத்து லிசிமாகோவோட போன் இது.”

“அப்ப வச்சுடட்டுமா...” என்றாள். அந்த வாக்கியத்தின் முடிவில் ஒரு சொல் வர வேண்டிய இடம் இருந்தது. அதில் கொஞ்சம் தயங்கி நின்றாள். பிறகு கையை அசைத்துவிட்டு வைத்துவிட்டாள்.

யாயாதான் முதலில் வெடித்தாள்.

“சொல்லியிருக்கலாம்ல? அது என் பேருடா, நான்தான்டா நூனோன்னு! வாயில என்ன, பிசினா ஒட்டியிருந்துச்சு?”

“பதினாறு வருஷமா அவர் அனுபவிச்சுக்கிட்டிருக்கார் யாயா” என்றார் டாக்டர். “தடையில்லாம, ஊரறிய, பஸ்மேல எழுதி வச்சு. எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் அவரோடதுதான்.” ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். “நான் வேண்டாம்னு விட்டதுக்கு இருபது பேர் சாட்சி.”

தாளை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். “பெரிய வரிக்கு இடம் விட்டு வை. அவ சொல்லுவா.”

திங்கள்கிழமை எட்டேகாலுக்கு வந்தார். “ஏதாவது வந்துதா?” வரவில்லை என்றேன். செவ்வாய் வந்தார். புதன் வந்தார். வரும்போது ஒரு காரணத்தோடு வருவார்: ஐந்தாம் வரியில் காற்புள்ளி வேண்டும், ஒன்பதாம் வரியில் ‘முன்னாள்’ வேண்டாம். வியாழக்கிழமை காரணம் தீர்ந்துவிட்டது. உட்கார்ந்தார். காகிதக் கட்டுக்கள் வைத்திருந்த பெஞ்சில் ஓரமாக, பத்திர அலுவலகத்தில் அவர் முன்னால் ஜனங்கள் உட்கார்ந்திருந்த அதே மாதிரி, தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு. என் போன் மணி அடிக்கும்போதெல்லாம் நிமிர்ந்தார். நான், “காகிதக்காரன் டாக்டர்” என்பேன். “மின்சார ஆபீஸ்.” “அக்கா.” தலையாட்டிவிட்டு மறுபடி ஆற்றைப் பார்ப்பார். தாளில் இருந்த பட்டங்களை ஒவ்வொன்றாகக் கோடிட்டு நீக்கிக்கொண்டே வந்தார். மறு வாரம் பதினோரு வரி ஆறு வரியாகியிருந்தது. கேலி செய்ய எனக்கு விஷயமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை ஏழரைக்கு, நான் கடை திறந்துகொண்டிருக்கும்போது வந்தது. குரல் செய்தி. பின்னணியில் பஸ் ஹாரன், யாரோ சிரிப்பது.

“சார், நான் டானெலிஸ். அவர்கிட்ட நேரா சொல்ல எப்படியோ இருக்கு, அதான் உங்களுக்கு அனுப்பறேன். நிஜமாவே யோசிச்சேன் சார். நாலஞ்சு வச்சுப் பாத்தேன். கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தா எல்லாமே வேற யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு. பெரிசானப்புறம் அது வராது போல. பொய்யா ஒண்ணு குடுக்க மனசு வரலை. அவர் கோவிச்சுக்காத மாதிரி நீங்களே சொல்லிடுங்க. மன்னிச்சுக்கச் சொன்னேன்னு சொல்லுங்க.”

இரண்டு தடவை கேட்டேன். என்னிடம் இருபத்தாறு வருடப் போஸ்டர்களின் பழைய படிகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. தெத்தே, லாலோ, பாப்பாதீன், கூக்கோ. அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் மண்ணுக்குள் இருக்கிறார்கள். அதில் ஒன்றை எடுத்து, ‘இதோ, அனுப்பிட்டா’ என்று நீட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்? அந்தப் பெண்ணே செய்ய மறுத்ததைச் செய்ய எனக்கு எட்டு நிமிடம் ஆசையாக இருந்தது. இந்த ஊரில் பெரிய மனிதர்களின் காற்றைப் பிடுங்குவதுதான் என் பொழுதுபோக்கு. ஊதிக் கொடுத்துப் பழக்கமில்லை.

எட்டேகாலுக்கு வந்தார். அன்றைக்குக் கழுத்துப் பட்டன் போட்டிருக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார்.

“ஏதாவது வந்துதா?”

“இன்னும் வரலை டாக்டர்” என்றேன்.

அவர் உடனே ஆற்றின் பக்கம் திரும்பவில்லை. என் முகத்தைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருடம், ஒரு நாளைக்கு முப்பது கையெழுத்து பார்த்தவர். எந்தச் சுழி நிஜம், எது நடுங்கின கை என்று ஒரு பார்வையில் சொல்கிறவர். அந்தப் பார்வை என் முகத்தில் மேலிருந்து கீழாக ஒருமுறை போனது. நான் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், போட்டிருக்கக் கூடாது.

“பரீட்சை நேரம்” என்றார். “பல் படிப்பு லேசு இல்லை.”

“ஆமா டாக்டர்.”

தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். படியில் இறங்கும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே, திரும்பாமல் சொன்னார்:

“நாளைக்கு வர்றேன் லிசிமாகோ. இதே மாதிரியே சொல்லு.”